ஒரே ஒரு எண்... உறைந்து நின்ற சர்வர்கள்! தசம எண்ணைக் கம்ப்யூட்டர் எப்படி வாசிக்கிறது?

2.2250738585072011 × 10⁻³⁰⁸.

இதைப் பார்த்தால் உங்களுக்கு எதுவும் தோன்றாது. புள்ளி வைத்து, அதற்குப் பிறகு 307 பூஜ்ஜியங்கள் போட்டு, அப்புறம் 22250 என்று எழுத ஆரம்பிக்க வேண்டிய எண். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றாட வாழ்க்கையில் எவருக்கும் இது தேவைப்பட்டிருக்காது.

ஆனால் 2011 ஜனவரி முதல் வாரத்தில், உலகம் முழுக்க வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த எண்தான். பிஹெச்பி மொழியில் எழுதப்பட்ட ஒரு தளத்தின் ஃபார்மில், வயது கேட்கும் இடத்திலோ விலை கேட்கும் இடத்திலோ இதை டைப் செய்து அனுப்பினால் போதும். அந்தத் தளம் அதை எண்ணாக மாற்ற முயன்றால், அந்த வேலை முடியவே முடியாது. சிபியு 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேக்கிங் தெரிய வேண்டாம், பாஸ்வேர்டு திருட வேண்டாம். ஒரு எண்ணை டைப் செய்யத் தெரிந்தால் போதும்.

அடுத்த மாதமே ஜாவாவும் மாட்டியது. அங்கே எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வேறு: 2.2250738585072012 × 10⁻³⁰⁸.

ஒரு எண்ணை வாசிப்பதில் அப்படி என்ன கஷ்டம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலைதானே? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எழுத்து வேறு, எண் வேறு

பேமென்ட் ஆப்பில் 499.50 என்று டைப் செய்கிறீர்கள். திரையில் தெரிவது எண். ஆனால் உள்ளே போவது எண் அல்ல, ஆறு எழுத்துகள். '4' என்ற எழுத்துக்கு 52, '9'-க்கு 57, புள்ளிக்கு 46, '5'-க்கு 53, '0'-க்கு 48 என்று ஆளுக்கொரு குறியீடு. இப்படி வரிசையாகக் கோத்த எழுத்துகளைத்தான் புரோகிராமர்கள் 'ஸ்ட்ரிங்' என்கிறார்கள். இதை வைத்துக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. காகிதத்தில் எழுதிய சாப்பாட்டைச் சாப்பிட முடியாது இல்லையா, அதே சங்கதி.

எனவே கணக்குப் போடுவதற்கு முன்னால், இந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டரின் சொந்த எண் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்த வடிவத்தின் பெயர் ஃப்ளோட்டிங் பாயின்ட். சுருக்கமாக 'ஃப்ளோட்'.

இந்த மாற்றம் எத்தனை முறை நடக்கிறது தெரியுமா? மேப்பில் சென்னையைத் தேடினால் 13.0827, 80.2707 என்று ஆயத்தொலைவுகள் எழுத்துகளாகத்தான் வந்து இறங்கும். பங்குச் சந்தை ஆப்பில் ஓடும் ஒவ்வொரு விலையும், வானிலை ஆப்பில் வரும் ஒவ்வொரு வெப்பநிலையும், எக்செல்லில் திறக்கும் ஒவ்வொரு சிஎஸ்வி ஃபைலும் இதே கதைதான். நீங்கள் இந்தக் கட்டுரையைத் திறந்தபோதுகூட, பக்கத்தின் வடிவமைப்பில் இருக்கும் 1.5, 0.75 போன்ற அளவுகளை உங்கள் பிரவுசர் இப்படி மாற்றித்தான் காட்டியிருக்கும்.

வீசம் தெரியும், பத்தில் ஒன்று தெரியாது

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டே இலக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். முழு எண்களில் இதனால் பிரச்சினை இல்லை. பின்னத்துக்கு வரும்போதுதான் சிக்கல்.

நம் தாத்தா பாட்டி காலத்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதில் சரி பாதி. அரை என்றால் இரண்டில் ஒன்று, கால் என்றால் நான்கில் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, அதற்கும் கீழே அரைவீசம், 32-ல் ஒன்று. கம்ப்யூட்டரின் பின்னக் கணக்கும் அச்சு அசல் இதேதான்! பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. இவற்றில் எது வேண்டும் (1), எது வேண்டாம் (0) என்று குறித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வித்தை.

முக்கால் வேண்டுமா? அரையும் காலும். முடிந்தது, துல்லியமாக. சரி, 0.1 வேண்டும், அதாவது பத்தில் ஒன்று. இப்போது பாருங்கள் வேடிக்கையை.

அரை பெரிது, கால் பெரிது, அரைக்கால் (0.125) அதுவும் பெரிது. வீசம் (0.0625) எடுத்துக்கொள்ளலாம். அதனுடன் அரைவீசம் (0.03125) சேர்த்தால் 0.09375. இன்னும் 0.00625 பாக்கி. அடுத்த இரண்டு துண்டுகளும் பெரிதாக இருக்கின்றன, விட்டுவிடுவோம். 256-ல் ஒன்று சேரும், 512-ல் ஒன்று சேரும். இப்போது 0.099609375. அடுத்த இரண்டை விட வேண்டும், அதற்கடுத்த இரண்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு விடு, இரண்டு சேர், இரண்டு விடு, இரண்டு சேர்... இதற்கு முடிவே கிடையாது. பத்தை மூன்றால் வகுத்தால் 3.333 என்று போய்க்கொண்டே இருக்குமே, அது மாதிரி.

காரணம் எளிது. பத்தில் ஐந்து ஒளிந்திருக்கிறது. பாதியாக்கி, பாதியாக்கி எவ்வளவு தூரம் போனாலும் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிக்க முடியாது. நம் பழைய கணக்கில் 'மா' என்று ஒரு பின்னம் உண்டு, இருபதில் ஒன்று. வீசத்தைத் துல்லியமாகப் பிடிக்கிற கம்ப்யூட்டரால் மாவைப் பிடிக்க முடியாது.

முடிவில்லாததை எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டிய பிறகு 0.1 என்று நாம் கொடுத்தது உள்ளே இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது:

0.1000000000000000055511151231257827021181583404541015625

0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறதே என்று புதிதாகக் கோடிங் படிக்கிறவர்கள் அதிர்ச்சியாகி ஸ்கிரீன்ஷாட் போடுவது இதனால்தான். கூட்டல் தப்பு என்று நினைக்கிறார்கள். கூட்டலுக்கு முன்பே, 0.1 என்ற எழுத்தை வாசித்த அந்தக் கணத்திலேயே எண் மாறிவிட்டது.

64 பெட்டிகள்

எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு தரநிலை இருக்கிறது. 1985-ல் வந்த ஐஇஇஇ 754. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததில் பெரும் பங்கு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹானுக்கு. 1989-க்கான டூரிங் விருது இவருக்குத்தான் கிடைத்தது.

இந்தத் தரநிலையில் நாம் அதிகம் பயன்படுத்தும் 'டபுள்' வகைக்கு 64 பெட்டிகள், அதாவது 64 பிட். ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு. 11 பிட், எண் எவ்வளவு பெரிது என்ற அளவுக்கு. மீதி 52 பிட்டில் இலக்கங்கள். தொடக்கத்தில் வரும் 1-ஐ எழுதாமலேயே புரிந்துகொள்வதால், நடைமுறையில் 53 பிட் துல்லியம் கிடைக்கும்.

இதன் விளைவு என்ன? எண்கோடு என்று பள்ளியில் வரைந்தோமே, அது கம்ப்யூட்டருக்கு முழுக் கோடு இல்லை. புள்ளிக்கோலம். புள்ளிகளில் மட்டும்தான் நிற்க முடியும், நடுவில் நிற்க இடமில்லை. பூஜ்ஜியத்துக்கு அருகே புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், தள்ளிப் போகப் போக விலகிக்கொண்டே போகும். 9007199254740992 என்ற எண்ணைத் தாண்டினால் (நம் கணக்கில் சுமார் 9,007 லட்சம் கோடி) அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 2 இடைவெளி. ஒற்றைப்படை எண்களே அங்கே கிடையாது!

ஆக, 'எழுத்தை எண்ணாக மாற்று' என்பதன் உண்மையான அர்த்தம்: நீங்கள் எழுதிய எண்ணுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியைக் கண்டுபிடி. சரியாக நடுவில் விழுந்தால், கடைசி பிட் 0 ஆக இருக்கும் புள்ளிக்குப் போ.

கடைசி இலக்கம் வரை படித்தாக வேண்டும்

கேட்க சுலபமாக இருக்கிறது. 123.456 வந்தால், 123456 என்று முழு எண்ணாக எடுத்து 1000-ஆல் வகுத்தால் போதாதா?

இந்த எண்ணுக்குப் போதும். முழு எண் 2⁵³-ஐத் தாண்டாமலும், வகுக்கிற பத்தின் அடுக்கு 22-ஐத் தாண்டாமலும் இருந்தால் இந்தக் குறுக்குவழி எப்போதும் சரியான விடையே தரும். ஏன் 22? ஏனென்றால் 10²² வரைதான் டபுளில் துல்லியமாக உட்காரும். 10²³ வந்தால் அதுவே கொஞ்சம் உருண்டுவிடும். உருண்டுபோன ஒன்றால் பெருக்கி, விடையையும் உருட்டினால், இரண்டு முறை உருட்டல். அங்கே பக்கத்துப் புள்ளிக்கு வழுக்கிவிடும் ஆபத்து.

இன்னொரு சிக்கல் இன்னும் சுவாரசியமானது. 9007199254740993 என்று ஒருவர் எழுதுகிறார். இது இரண்டு புள்ளிகளுக்கு (...992, ...994) சரி நடுவில் இருக்கிறது. விதிப்படி 992-க்குப் போகும். இப்போது அதே எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, நூறு பூஜ்ஜியம் போட்டு, கடைசியில் ஒரே ஒரு 1 சேர்க்கிறார். நடுவிலிருந்து இம்மி அளவு மேலே போய்விட்டது. இப்போது சரியான விடை 994!

அதாவது கடைசியில் இருக்கும் அந்த ஒற்றை 1-ஐப் பார்க்கும் வரை விடை சொல்ல முடியாது. 'முதல் இருபது இலக்கம் பார்த்தால் போதும், மீதி வேஸ்ட்' என்று சொல்லிவிட முடியாது. மோசமான எண்களில் 767 இலக்கங்களுக்கு மேலும் பார்க்க வேண்டியிருக்கும். பரீட்சை பேப்பரில் கடைசி வரியை மாற்றினால் மொத்த விடையும் மாறும் என்பது மாதிரி.

இது எவ்வளவு கஷ்டமான காரியமாகக் கருதப்பட்டது என்றால், 1985 தரநிலையே கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றுக்கும் துல்லியத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, இந்த எழுத்து மாற்றத்துக்கு மட்டும் மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களில் கொஞ்சம் பிழை இருந்தால் பரவாயில்லை என்று சலுகை கொடுத்தது. 1990-ல்தான் வில்லியம் கிளிங்கர், எல்லா எண்களுக்கும் சரியான புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தின் டேவிட் கே அதை வேகமாகச் செய்யும் புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பைத்தான், பிஹெச்பி, ரூபி என்று பல மொழிகள் அந்தக் கோடை எடுத்துத் தங்களுக்குள் வைத்துக்கொண்டன.

இந்த முறையின் சாரம்: முதலில் ஒரு குத்துமதிப்பான விடை. பிறகு பிரம்மாண்டமான முழு எண்களை வைத்து அது சரியா என்று சோதனை. கூடவா? கொஞ்சம் இறக்கு. குறையா? கொஞ்சம் ஏற்று. மறுபடி சோதனை. நகைக்கடைத் தராசில் குன்றிமணி போட்டுப் போட்டு எடுப்பது மாதிரி.

தராசு ஆடிக்கொண்டே இருந்தால்?

இப்போது 2011-க்குத் திரும்பலாம்.

2.2250738585072014 × 10⁻³⁰⁸ என்பது டபுள் உலகத்தில் ஓர் எல்லைக்கோடு. முழு 53 பிட் துல்லியத்துடன் எழுத முடிகிற மிகச் சிறிய எண் இதுதான். இதற்குக் கீழே இருப்பவை 'சப்நார்மல்' எண்கள். அங்கே தொடக்கத்தில் வரும் 1 இருக்காது, துல்லியம் படிப்படியாகக் குறையும், விதிகளும் கொஞ்சம் மாறும். ஜாவாவை உறைய வைத்த எண், இந்த எல்லைக்கும் அதற்கு ஒரு படி கீழே இருக்கும் புள்ளிக்கும் இடையில், கிட்டத்தட்ட நடுவில் விழுகிறது.

ஜாவா என்ன செய்தது? குத்துமதிப்பு போட்டது, சோதித்தது, கூடுதல் என்று ஒரு படி இறக்கியது. சோதித்தது, இப்போது குறைவு என்று ஒரு படி ஏற்றியது. கூடுதல், இறக்கு. குறைவு, ஏற்று. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. எல்லைக்கோட்டில் திருத்தத்தின் அளவைக் கணக்கிட்டதில் இருந்த கோளாறால், 'போதும், இதுதான் அருகில் இருப்பது' என்று நிறுத்தும் இடத்துக்கு அது வரவே இல்லை. இந்த எண்ணைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்தால் ஜாவா கம்பைலரே உறைந்தது என்பது கூடுதல் கொடுமை.

பிஹெச்பி கதை வேறு விதம். அங்கே கோடு டேவிட் கேயின் பரம்பரை. தர்க்கத்தில் தப்பில்லை. பழைய 32 பிட் இன்டெல் வகை சிப்களின் கணக்குப் பகுதி 64 பிட்டில் அல்ல, 80 பிட்டில் கணக்குப் போடும். நல்லதுதானே, கூடுதல் துல்லியம்தானே என்றால், இல்லை! கணக்குப் போடும்போது ஓர் அளவுகோல், எடுத்து வைக்கும்போது வேறொரு அளவுகோல். இந்த ஒரு எண்ணில் அந்த வித்தியாசம் சரியாகக் குறுக்கே விழுந்து, திருத்தம் முடிவுக்கே வராமல் சுற்றியது. 64 பிட் மெஷின்களில் இந்தக் கோளாறு வரவில்லை. அதனால்தான் ஒருவர் 'என் சிஸ்டத்தில் தொங்குகிறது' என்றால், இன்னொருவர் 'என்னுடையதில் ஓடுகிறதே' என்றார்.

இதைக் கண்டுபிடித்தவர், இந்த எண் மாற்றங்களைப் பற்றியே விடாமல் எழுதிக்கொண்டிருந்த ரிக் ரீகன் என்ற புரோகிராமர். சர்வரைத் தாக்க வேண்டும் என்று தேடியதல்ல. எல்லையோர எண்களைக் கொடுத்து ஒவ்வொரு மொழியும் சரியாக வாசிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மாட்டியது. பிஹெச்பி குழு 2011 ஜனவரி 6-ஆம் தேதி திருத்தத்தை வெளியிட்டது. அந்தத் திருத்தம் என்ன தெரியுமா? சில மாறிகளுக்கு முன்னால் 'வாலடைல்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்ததுதான். 'இதைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எழுதி எடு' என்று அதற்கு அர்த்தம். அப்படி எழுதும்போது எண் 64 பிட்டுக்குச் சுருங்கிவிடும். பிரச்சினை தீர்ந்தது.

ஜாவா விவகாரம் இன்னும் தீவிரமானது. ஜாவா சர்வர்களில் ஃபார்ம்கூட தேவைப்படவில்லை. உங்கள் பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் போகும்போது, 'எனக்குத் தமிழ் முதல் விருப்பம், ஆங்கிலம் 0.8 அளவு விருப்பம்' என்பது போல ஒரு குறிப்பை அனுப்பும். அந்த 0.8-க்குப் பதிலாக இந்த எண்ணைப் போட்டு அனுப்பினால், அந்தக் குறிப்பை வாசிக்க முயலும் சர்வர் காலி. லாகின் தேவையில்லை, ஒரே ஒரு வேண்டுகோள் போதும். ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரி 8-ஆம் தேதி அவசரத் திருத்தம் வெளியிட்டது. இதே வகைப் புகார் ஜாவாவின் பிழைப் பட்டியலில் 2001-லேயே பதிவாகிக் கிடந்தது என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம். பத்து வருடம்! 'இப்படி ஒரு எண்ணை யார் டைப் பண்ணப் போறாங்க' என்று விட்டுவிட்டார்கள் போல.

திருத்தம் வரும் வரை தற்காலிகமாக அந்த எழுத்து வரிசையை மட்டும் தடுத்துவிடலாமே என்று சிலர் யோசித்தார்கள். அதுவும் முழுத் தீர்வாகவில்லை. 22.250738585072011 × 10⁻³⁰⁹ என்று புள்ளியை நகர்த்தினாலும், பின்னால் பத்து பூஜ்ஜியம் சேர்த்தாலும் அது அதே எண்தானே.

நொடிக்கு ஒரு ஜிபி

அதற்குப் பிறகு இந்தத் துறை தூங்கிவிடவில்லை. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த பேராசிரியர் டேனியல் லெமிர், மைக்கேல் ஐசல் என்பவரின் யோசனையை வளர்த்தெடுத்து, 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நொடிக்கு ஒரு ஜிகாபைட் வேகத்தில் எண்களை வாசிப்பது பற்றி. ஐந்தின் அடுக்குகளை முன்கூட்டியே ஒரு அட்டவணையில் போட்டு வைத்து, 128 பிட் பெருக்கல் ஒன்றோ இரண்டோ செய்து விடையைச் சொல்லிவிடும். நடைமுறையில் வருகிற எண்களில் பெரும்பாலானவை இதிலேயே முடிந்துவிடும். 'இது நடுவில் விழுகிற கேஸ், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று அதுவே கண்டுபிடித்துச் சொன்னால் மட்டும் பழைய, மெதுவான வழிக்குப் போகும். அதே 2021-ல் கோ மொழியின் 1.16 பதிப்பிலும் ரஸ்ட் மொழியின் 1.55 பதிப்பிலும் இது நுழைந்தது.

சரி, இது ஆபீஸில் எனக்கு எங்கே இடிக்கும்?

பெரும்பாலும் காசில்தான்.

4 ரூபாய் 35 காசு என்பதை 4.35 என்று வாசித்து, பைசாவாக்க 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு பைசா அம்போ. ஒரு பில்லில் ஒரு பைசா யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் லட்சம் பில்களைக் கூட்டி, பேங்க் ஸ்டேட்மென்டுடன் ஒத்துப்பார்க்கும் அக்கவுன்ட்ஸ் ஆளுக்குத் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஜிஎஸ்டி கணக்கு சில காசுகள் இடிக்கிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேடினோம். வில்லன் இதுதான். பல பேமென்ட் கேட்வேக்கள் 499.50 என்று வாங்காமல் 49950 என்று பைசாவிலேயே கேட்பது எரிச்சலாக இருக்கும். காரணம் இருக்கிறது. பைத்தானில் 'டெசிமல்' வகை இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் அதற்குள் 0.1-ஐ மேற்கோள் குறி போட்டு எழுத்தாகக் கொடுக்க வேண்டும். குறி இல்லாமல் கொடுத்தால், அது ஏற்கெனவே ஃப்ளோட்டாகி, மேலே பார்த்த அந்த நீளமான எண்ணாகத்தான் உள்ளே போகும்.

அடுத்தது நம் ஊர் கமா. 1,25,000.50 என்ற எழுத்தை ஜாவாஸ்கிரிப்டின் 'பார்ஸ்ஃப்ளோட்' ஃபங்ஷனிடம் கொடுத்தால் கிடைப்பது 1. ஆமாம், ஒன்று. கமாவைப் பார்த்ததும் 'எண் முடிந்துவிட்டது' என்று நிறுத்திக்கொள்ளும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். பைத்தான் இதே எழுத்துக்கு எரர் கொடுத்து நின்றுவிடும். கத்தி ஊரைக் கூட்டுகிற பைத்தானே மேல் என்பேன். ஜெர்மனியில் புள்ளியும் கமாவும் இடம் மாறும்: அங்கே 3,14 என்றால் நம்முடைய 3.14. சி மொழியின் வாசிப்பு ஃபங்ஷன் மெஷினின் மொழி அமைப்பைப் பார்த்து நடப்பதால், ஜெர்மன் அமைப்பில் ஓடும் புரோகிராமுக்கு 3.14 கொடுத்தால் 3 என்று படித்துவிட்டுப் போய்விடும்.

நீளமான அடையாள எண்கள் இன்னொரு வலை. 16 இலக்க கார்டு எண்ணையோ அக்கவுன்ட் எண்ணையோ எக்செல்லில் சும்மா டைப் செய்து பாருங்கள், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். பிறகு என்ன ஃபார்மட் மாற்றினாலும் போனது போனதுதான். 2010-ல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கு நீளமான எண்கள் கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே சிக்கல்: ஜாவாஸ்கிரிப்டில் அவை பக்கத்துப் புள்ளிக்கு வழுக்கின. எனவே அதே எண்ணை எழுத்து வடிவிலும் கூடவே அனுப்ப ஆரம்பித்தது. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண், எண்ணே இல்லை. அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாக இருக்க வேண்டியதை மொழியே வலிந்து எண்ணாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிஹெச்பியில் ஒரு வினோத உதாரணம் உண்டு. கோடில் 10-இன் அடுக்கைக் குறிக்க ஆங்கில 'இ' எழுத்தைப் போடுவார்கள். பாஸ்வேர்டைக் குழப்பி உருவாக்கும் ஹாஷ் எழுத்து வரிசை சில நேரம் தற்செயலாக 0, பிறகு 'இ', பிறகு வெறும் இலக்கங்கள் என்று அமைந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு ஹாஷ்களை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால், பிஹெச்பி இரண்டையும் எண்ணாக வாசிக்கும். பூஜ்ஜியத்தைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். தப்பான பாஸ்வேர்டுக்குக் கதவு திறக்கும்! மூன்று சமக்குறி போட்டால் இந்த வம்பு இல்லை.

கடைசியாக, கொஞ்சம் ஜாலியான ஒன்று. லேப்டாப்பில் பைத்தான் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். 'ஃப்ளோட்' ஃபங்ஷனுக்குள் மேற்கோள் குறி போட்டு ௧௨.௫ என்று தமிழ் இலக்கங்களில் கொடுங்கள். 12.5 என்று பதில் வரும். யூனிகோடில் இட மதிப்புள்ள இலக்கம் என்று குறிக்கப்பட்ட எந்த மொழி இலக்கத்தையும் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். தமிழின் ௦ முதல் ௯ வரை அதில் உண்டு. ஆனால் பத்துக்கான ௰, நூறுக்கான ௱, ஆயிரத்துக்கான ௲ கொடுத்தால் எரர். அவை இடத்தை வைத்து மதிப்பு மாறுகிற இலக்கங்கள் இல்லை, தனித்தனிக் குறியீடுகள் என்பதால் வாசிக்க மறுத்துவிடும்.